கேட்டுக்குள் ஆறு வருஷம்: வட ஆற்காட்டில் ஒரு கான்வென்ட் போர்டிங்

குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் 1970 இல் ஐந்தாம் வகுப்பை முடித்த பெண் பிள்ளைகள் நான்கு பேர். நால்வரும் ஒரே தெரு. ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. (அப்போது பதினொன்றாம் வகுப்பு) வரை போனார். அவர் என் அம்மா. மற்ற மூவரும் அந்தக் கோடையிலேயே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் கணக்கில் தன்னைவிடக் கெட்டிக்காரர் என்று அம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

படிப்பில் ஏறக்குறைய சமமாக இருந்த நால்வரின் வாழ்க்கை இப்படிப் பிரிந்ததற்குக் காரணம், அம்மாவை ஆறு வருஷம் தங்கவைத்துப் படிக்கவைத்த ஒரு கான்வென்ட். அது என்ன செய்தது, எப்படிச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று அம்மாவிடமும் அவருடைய தோழியிடமும் பலநாள் உட்கார்ந்து கேட்டு எழுதியது இது. அம்மா கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரும் கான்வென்டின் பெயரும் இதில் வராது.

படிப்பு அறுந்த இடம்

ஊரில் ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாவதுக்குக் குடியாத்தம் போகவேண்டும். கவுண்டன்யா ஆற்றைத் தாண்டி ஏழு கிலோமீட்டர். பையன்கள் நடந்தார்கள். பெண் பிள்ளையை ஒரு வருஷம், இரண்டு வருஷம் அனுப்பலாம். அப்புறம் வயதுக்கு வந்துவிடுவாள், அதோடு நடை நின்றுவிடும். நடுவில் நிற்கப்போகிற படிப்பை எதற்கு ஆரம்பிப்பது என்பது ஊரின் கணக்கு. அதைத் தப்பு என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். கைலித் தறியில் ஒருவர், பீடி முறத்தில் ஒருவர் என்று ஓடும் வீட்டில் பதினோரு வயதுப் பெண் இலை வெட்டிக் கொடுத்தாலே அன்றைக்கு அது காசு. பள்ளிக்கூடம் தரும் காசு எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்லமுடியாது.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 8.86 சதவீதம். நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. ஆனால் இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் படிப்பு எந்த இடத்தில் அறுகிறது என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் அது இரண்டு இடத்தில் அறுந்தது. ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்குப் போகும்போது ஒன்று. வயதுக்கு வரும்போது இன்னொன்று. காமராஜர் காலத்தில் 1956 இல் மதிய உணவு வந்தது. பசிக்காகப் பள்ளியை விட்ட பிள்ளைகளை அது திரும்பக் கொண்டுவந்தது. இந்த இரண்டு அறுப்புக்கும் சோறு மட்டும் போதவில்லை. இதற்கு வேண்டியது ராத்திரி தங்க ஒரு இடம். பெற்றவர்கள் நம்பி விட்டுவிட்டு வரக்கூடிய இடம்.

பெண்ணுக்குப் பெண்

வேலூர்க்காரர்களுக்கு, சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை தெரியாமல் இருக்காது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் மறுத்துப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900 இல் வேலூருக்கு வந்தார். 1918 இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்தது, ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947 இல்தான்.

இந்தக் கதையை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், மருத்துவத்துக்கு இருந்த அதே கதவுதான் படிப்புக்கும் இருந்தது. வீட்டுப் பெண்ணிடம் வெளி ஆள் நெருங்க வேண்டுமானால் அந்த ஆள் பெண்ணாக இருக்கவேண்டும். சிஸ்டர்கள் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். புருஷன், பிள்ளை, குடும்பம் என்று இல்லாமல் பெண்களாகச் சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஆம்பளை வாடையே இல்லாத வீடு என்று எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்றவள், சொல்லுமாம். அது இந்துக் குடும்பம். மாதாவைப் பற்றியோ சபையைப் பற்றியோ அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த ஒன்று தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

தையலில் தொடங்கிய சபை

வட ஆற்காட்டில் கான்வென்ட் பள்ளிகளைப் பற்றிப் பேசினால் சலேசிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கப் பெண் துறவிகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அம்மா படித்த கான்வென்டும் அவர்களுடையதுதான். அவர்கள் சபையின் தொடக்கத்தைப் படித்தபோது எனக்கு நம்மூர்க் கதை மாதிரியே இருந்தது. இத்தாலியில் மொர்னேசே என்ற மலைக் கிராமம். திராட்சைத் தோட்டத்தில் ஆண்களுக்குச் சமமாக வேலை செய்த மரிய தொமினிக்கா மசரெல்லோ என்ற பெண்ணுக்கு 1860 இல், சொந்தக்காரர்களுக்கு நோய்ப் பணிவிடை செய்யப்போன இடத்தில், டைஃபஸ் காய்ச்சல் தொற்றியது. பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாது என்றானதும் தோழி பெத்ரொனில்லாவைச் சேர்த்துக்கொண்டு தையல் கற்று, ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தத் தையல் அறையும், சலேசியத் துறவிகள் சபையைத் தொடங்கிய இத்தாலியக் குரு தொன் போஸ்கோவின் யோசனையும் சேர்ந்து 1872 ஆகஸ்ட் 5 இல் ஒரு துறவுச் சபையாக ஆனது. மசரெல்லோ அதன் முதல் தலைவி. படிக்கத் தெரியும், எழுதுவதைப் பெரியவளான பிறகுதான் பழகிக்கொண்டார். பெண்களுக்குப் பள்ளி நடத்தும் சபை ஒன்றின் தலைவி, வயது வந்தபின் எழுத்துக் கூட்டி எழுதக் கற்ற ஒரு விவசாயி மகள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சபைக்கு ஐம்பது வயதான 1922 இல் அதன் சகோதரிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். முதலில் இறங்கியது தஞ்சாவூரில். 1928 இல் சென்னை உயர்மறைமாவட்டப் பொறுப்பு சலேசியத் துறவிகளிடம் வந்தது. வட ஆற்காடும் அதற்குள் இருந்தது. வேலூர் தனி மறைமாவட்டமானது 1952 இல். இரண்டே வருஷத்தில், 1954 இல், காட்பாடி காந்தி நகரில் சகோதரிகள் ஆக்ஸிலியம் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆக்ஸிலியம் என்றால் லத்தீனில் சகாயம். சகாய மாதாவின் பெயர். வேலூரில் தனபாக்கியம் கிருஷ்ணசாமி முதலியார் மகளிர் கல்லூரி வந்தது 1972 இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் பதினெட்டு வருஷம். திருப்பத்தூர், ஆரணி, போளூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம் அப்போது வட ஆற்காடு. அந்தப் பதினெட்டு வருஷத்தில் பி.ஏ. படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டில் 'பெண்கள் காலேஜ்தானே' என்ற ஒரு வார்த்தை எத்தனை வாசலைத் திறந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கல்லூரிக்குப் பெண்கள் வரவேண்டுமானால் முதலில் பள்ளியை முடிக்கவேண்டும். அதற்குப் போர்டிங்.

சமையல்கட்டு வழியாக

அம்மா அந்தக் கான்வென்டுக்குப் போனது படிப்பில் கெட்டி என்பதால் இல்லை. அம்மாவின் பெரிய அத்தை அங்கே சமையல்கட்டில் வேலை செய்தார். விதவை. சிஸ்டர்களோடு கூடமாட இருந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. கோடை லீவில் ஊருக்கு வந்தவர் தம்பியிடம், "இவள அனுப்பு. நான் இருக்கேன் இல்ல" என்றார். என் தாத்தா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் கான்வென்டின் தலைவியான மதரே ஊருக்கு வந்தார். கேரளத்து அம்மா, தமிழ் கொஞ்சம் இழுக்கும். தறிக்குழிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து தாத்தாவிடம் பேசியதை அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று மட்டும் கேட்டாராம். மீதிக்கு அறுப்பு முடிந்ததும் கேழ்வரகு கொடுத்தால் போதும் என்று பேச்சு முடிந்தது.

போர்டிங்குக்குக் கொண்டுபோன பொருள்கள் இன்னும் அம்மாவுக்கு மனப்பாடம்: தகரப் பெட்டி, அலுமினியத் தட்டு, டம்ளர், பாய், போர்வை, இரண்டு பாவாடை, இரண்டு தாவணி, ரெட்டைச் சடைக்கு நீல ரிப்பன். எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர், 47. பெட்டியின் மூடியில் வெள்ளை பெயின்டில். தட்டின் அடியில் ஆணியால் கீறி. துணிகளின் ஓரத்தில் சிவப்பு நூலால். முதல் நாள் சாயங்காலம் வார்டன் சிஸ்டர் ஊசியும் நூலும் கொடுத்து, உன் நம்பரை நீயே தை என்றாராம். நாலு வந்துவிட்டது, ஏழு தலைகீழாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் புதுத் துண்டு வாங்கினால் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு சின்ன அடையாளம் போட்டுவிட்டுத்தான் கொடியில் காயப்போடுவார்.

ஐந்து மணிக்கு மணி அடிக்கும். கிணற்றடிக் குளியல். கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசைக்குப் போவார்கள், மற்றவர்கள் ஸ்டடி ஹாலில் உட்காரவேண்டும். பள்ளி நேரத்திலும் அவர்களுக்கு ஞானோபதேசம், இவர்களுக்கு மாரல் வகுப்பு. சாயங்காலம் விளையாட்டு கட்டாயம். சிஸ்டர்களும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்து போடுவார்கள். வளர்ந்த பெண்கள் ஓடுவதை, சத்தம் போட்டுச் சிரிப்பதை அம்மா முதன்முதலில் பார்த்தது அங்கேதான். ராத்திரி படுக்கப் போகுமுன் எல்லோரும் வராந்தாவில் நிற்பார்கள். மதர் ஐந்து நிமிஷம் பேசுவார். இது தொன் போஸ்கோ காலத்திலிருந்து சலேசிய வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் வழக்கம், 'குட் நைட்' என்றுதான் பெயர். அன்றைக்கு நடந்த ஒரு நல்ல விஷயம், ஒரு தப்பு, நாளைக்கு என்ன என்பது மட்டும். பிள்ளைகள் தப்பு செய்தபிறகு தண்டிப்பதைவிட, தப்பு செய்ய நேராதபடி எப்போதும் கூடவே இருப்பது என்பது அவர்களின் கல்வி முறை. எப்போதும் ஒரு சிஸ்டர் கூடவே இருந்தது சில நேரம் மூச்சு முட்டியது, சில நேரம் தைரியமாக இருந்தது என்கிறார் அம்மா. எந்த நேரம் எது என்று கேட்டேன். "ராத்திரி தைரியம், பகல்ல மூச்சு முட்டும்" என்றார்.

பன்னிரண்டாவது நாள்

எட்டாம் வகுப்பில் அம்மா வயதுக்கு வந்தார். ஊரில் இருந்திருந்தால் படிப்பு நின்றிருக்கவேண்டிய அதே நாள். கான்வென்டிலிருந்து ஊருக்கு ஒரு கார்டு போனது. ஆயாவும் மாமாவும் பஸ் பிடித்து வந்தார்கள். பெட்டியோடு அனுப்பச் சொன்னார்கள். பெட்டி போனால் பிள்ளை திரும்பாது என்று வார்டன் சிஸ்டருக்குத் தெரியும்.

கான்வென்டில் வெளியாட்களை உட்காரவைக்கும் பார்லரில் நடந்ததை அத்தைதான் பின்னால் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் சடங்கு கூடாது என்று சொல்லவில்லை. மதத்தை இழுக்கவில்லை. "எல்லா முறையும் செய்யுங்க. தாய்மாமன் சீர் வைக்கட்டும், தண்ணி ஊத்துங்க. எத்தனை நாள்?" என்று கேட்டார். ஆயா பதினொன்று என்றது. சிஸ்டர் சுவரில் இருந்த காலண்டரை எடுத்து மேசையில் வைத்து எண்ணினார். "பன்னிரண்டாவது நாள் திங்கட்கிழமை. அன்னைக்குக் கணக்குப் பரீட்சை. காலையில பத்து மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடுங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும், தூக்கிட்டு அலையாதீங்க." மாமா ஏதோ முனகினார். அத்தை சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தாத்தா கொண்டுவந்து விட்டார். மஞ்சள் போகாத முகத்தோடு அம்மா பரீட்சை எழுதினார். முப்பத்தெட்டு மார்க்.

ஆறு வருஷக் கதையில் இந்த ஒரு அரை மணி நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வயதுக்கு வந்த பெண்ணை நடக்கவிடக்கூடாது என்பதுதான் ஊரின் பயம். நடக்கவே வேண்டாத இடத்தில் அவள் இருந்ததால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லாமல் போனது. கான்வென்டின் மதில் சுவரைப் பற்றி நாம் நிறைய விமரிசிக்கிறோம். பெண்ணை அடைத்துவைக்கும் சுவர் என்கிறோம். 1972 இல் என் அம்மாவுக்கு அந்தச் சுவர் ஊரிலிருந்து வெளியே வர ஒரே வழியாக இருந்தது. ஆயாவும் தாத்தாவும் சுவரைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே வளாகத்தில் இரண்டு பக்கம்

குறைகளை மறைத்தால் இது ஆய்வாக இருக்காது. பிள்ளைகளுக்கு வரும் கடிதம், பிள்ளைகள் போடும் கடிதம் எல்லாம் பிரித்துப் படிக்கப்பட்டன. வீட்டு நினைவாக இருக்கிறது என்று எழுதிய ஒரு கார்டு போகவே இல்லை என்று அம்மா பெரியவளான பிறகு தெரிந்துகொண்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளி. ரோட்டுப் பக்கம் இங்கிலீஷ் மீடியம், வேலூர் டவுனிலிருந்து ரிக்‌ஷாவில் வரும் பிள்ளைகள். கிணற்றுப் பக்கம் தமிழ் மீடியமும் போர்டிங்கும். யூனிஃபார்ம் வேறு, அசெம்ப்ளி வேறு. ஆண்டு விழா மேடையில் முதல் வரிசை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. போர்டிங் பிள்ளைகள் நாற்காலி தூக்கிப் போட்டார்கள். ஏழைப் பெண் பிள்ளைகளுக்காக என்று தொடங்கிய ஒரு வீடு, காசு கட்டும் பக்கத்தை வாசலில் வைத்தது. அந்தப் பணத்தில்தான் போர்டிங் ஓடியது என்று சொல்வார்கள், இருக்கலாம். கேழ்வரகுக்குப் படித்த பிள்ளையின் மகளாக எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

ஆனால் கிணற்றுப் பக்கத்துச் சாப்பாட்டு வரிசையில் ஒன்று நடந்தது. காலனிப் பிள்ளை, ஊர்ப் பிள்ளை என்று பார்க்காமல் நம்பர் வரிசைப்படி உட்காரவைத்தார்கள். 46ஆம் நம்பர் காலனிப் பெண். அம்மாவின் வீட்டில் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம். மகளை அப்படி உட்காரவைத்ததற்காக ஒரு குடும்பம் டி.சி. வாங்கிக்கொண்டு போனது. மதர் டி.சி.யைக் கொடுத்தார், வரிசையை மாற்றவில்லை. 46ஆம் நம்பர் அக்கா பிற்பாடு நர்ஸ் ஆனார். எங்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றிலும் முதல் பந்தியில் இருப்பார்.

இந்தக் கணக்கில் அரசாங்கத்தின் பங்கையும் சேர்க்கவேண்டும். தமிழ் மீடியம் பக்கம் உதவிபெறும் பள்ளி. டீச்சர்களின் சம்பளம் அரசாங்கத்துடையது. தனியார் பள்ளிக்கு அரசு மானியம் என்ற ஏற்பாடு 1854 இல் வந்த சார்லஸ் உட் என்பவரின் கல்வி அறிக்கையிலிருந்து தொடர்வது. சிஸ்டர்களின் உழைப்பு, அரசின் சம்பளம், அத்தையின் சமையல், தாத்தாவின் கேழ்வரகு. நாலும் சேர்ந்தது.

பிறகு

அம்மா 1976 இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். ரயிலில் போனால் குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் சில ஸ்டேஷன்தான் காட்பாடி; அங்கே கல்லூரி இருந்தது. வீட்டில் அதுவரைக்கும் தாங்காது என்று டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்த்தார்கள். 1980 இல் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் வேலை. தன் சம்பளத்தில் இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்தார். 2017 இல் ஓய்வு. நான் 2001 இல் காட்பாடியில் பி.எஸ்சி. சேர்ந்தபோது தினமும் பாசஞ்சரில் போய்வந்தேன். தங்குவதற்குச் சுவர் தேவைப்படவில்லை. ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் அது.

தங்கவைத்துப் படிக்கவைத்தால்தான் பெண்கள் நடுநிலைப் பள்ளியைத் தாண்டுவார்கள் என்பதை மத்திய அரசும் 2004 இல் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. பஸ் வந்தது, இலவச சைக்கிள் வந்தது, ஊருக்குப் பக்கத்திலேயே மேல்நிலைப் பள்ளி வந்தது. அம்மா படுத்துத் தூங்கிய டார்மிட்டரி இப்போது கம்ப்யூட்டர் லேப். கிணற்றுக்கு வலை போட்டு மூடியிருக்கிறார்கள்.

அம்மாவோடு படித்த அந்தக் கணக்குக்காரத் தோழியின் பேத்தி அதே கான்வென்டின் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்து 2024 இல் கல்லூரியில் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் தொடங்கியபோது உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. கிணற்றுப் பக்கத்தில் படித்த பிள்ளையும் தனியார் பள்ளிப் பிள்ளையாகவே எண்ணப்பட்டாள். 2024 டிசம்பரில்தான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை விரித்தார்கள். விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் வாங்கக் கான்வென்டுக்குப் போனபோது அம்மாவும் தோழியும் நானும் கூடப் போயிருந்தோம்.

மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் சிமென்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தோழியின் விரல் நுனிகள் பீடி நூல் இழுத்து இழுத்துத் தழும்பேறிப்போயிருக்கும்; அந்தக் கையால் பெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். இந்தப் பெரிய கேட்டுக்குள் பேத்தியைக் கொண்டுவந்து விட மட்டும் வந்திருக்கிறாராம், உட்கார்ந்தது இல்லையாம். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் கேட்டார்:

"உங்க வூட்டுக்கு வந்தாங்களே அந்த மதரு, எங்க வூட்டுக்கு ஏன் வரல?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "வந்தாங்க. எங்க வூட்லருந்து நேரா உங்க வூட்டுக்குத்தான் வந்தாங்க. நீ திண்ணையில உக்காந்து இலை வெட்டிக்கிட்டிருந்த. அடுத்த வருஷம் பாக்கலாம்னு உங்க நைனா சொல்லி அனுப்பிச்சுட்டாரு."